பிரித்துப் பூட்டிக் கற்றது

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்வார்கள். அச்சொல் என்னையும் குறிக்கும் என்று நான் நெடுநாள் எண்ணியதில்லை. வெப்ப இயக்கவியல் தேர்வில் நான்கு வீச்சுப் பொறியின் படத்தை வரைந்து, அழுத்தத்திற்கும் பருமனுக்கும் உரிய வளைகோட்டையும் அருகே தீட்டி, நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். ஆனால் அதே பொறி ஒன்று மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாயின் கீழ் ஆறரை ஆண்டுகள் துருவேறிக் கிடந்தது. அதனை நாள்தோறும் கடந்தே களமசேரிக்கு வகுப்புக்கு வந்து சென்றேன். அதைத் திறந்து பார்க்கும் எண்ணம் எழவில்லை. எழுந்தபோதும் அச்சம் தடுத்தது.

சென்ற 2025 பிப்ரவரியில் அவ்வண்டியை எடுத்துப் பிரித்தேன். மே மாத இறுதிக்குள் பூட்டினேன். அந்த நான்கு மாதங்களில் கற்றவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மில் பலர் அறிவியல் மாணவர்கள். கையில் ஸ்பேனர் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.

1. வண்டியின் கதை

என் தந்தையார் கோவில்பட்டியைச் சேர்ந்தவர். பிழைப்புக்காக மட்டாஞ்சேரிக்கு வந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் தருவித்து, தோப்பும்படி முதல் ஆலுவா வரையுள்ள சிறு கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். அத்தொழிலுக்கு உற்ற துணையாக இருந்தது 1984-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட 350 சி.சி. புல்லட் மோட்டார் சைக்கிள்.

புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்தது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியபின் அது திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவாகலாயிற்று. 1970-இல் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் உற்பத்தியே நின்றுவிட்டது. சென்னையில் மட்டும் தொடர்ந்தது. “இதுவும் நம்மளப் போலத் தமிழ்நாட்டுல இருந்து பொழைக்க வந்ததுதான்” என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெருமழை காரணமாக ஆலுவாவில் ஒரு கடையின் பின்புறம் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா வீடு திரும்பியிருந்தார். பெரியாறு பெருகிற்று. வண்டி மூன்று நாட்கள் நீருக்குள் கிடந்தது. ஒரு வாரம் கழித்து அது சிறு லாரியில் வீடு வந்து சேர்ந்தது. அப்போது எனக்கு வயது பதினாறு. அப்பா குளிக்கச் சென்றிருந்த நேரம் பார்த்து, ஓடுமா என்று அறியும் ஆவலில் கிக்கரை ஓங்கி உதைத்தேன். ஏழெட்டு உதை வரை உள்ளே ஏதோ கரகரவென்று அரைபட்டுச் சுழன்றது. நான் பயந்து நிறுத்திவிட்டேன். அதனை யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் சில வாரங்களில் பொறி முற்றிலும் இறுகிப்போயிற்று. அப்பா கடன் வாங்கி ஒரு ஸ்கூட்டர் எடுத்தார். புல்லட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

2025 பிப்ரவரியில் ஒருவர் வந்து, உதிரிபாகங்களுக்காக அவ்வண்டியை 28,000 ரூபாய்க்குக் கேட்டார். என் தங்கைக்கு ஜூலை முதல் வாரத்தில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். விற்பதே முறை என்று வீட்டில் முடிவாயிற்று. நான் குறுக்கிட்டு அவகாசம் கேட்டேன். செலவை நான் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஈட்டும் பணத்திலிருந்து போடுவதாகவும், ஓடாவிட்டால் நானே விலைபேசி விற்றுத் தருவதாகவும் வாக்களித்தேன். “மே மாசம் முடிய, எய்யா. அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது” என்றார் அப்பா.

2. நமக்கு ஒரு முன்னோடி

இவ்வழியில் நமக்கு முன் சென்றவர் ஒருவர் உண்டு. கோவை மாவட்டம் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள்தாம் அவர். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. வெள்ளை அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டதும், தாமாகவே ஓடும் அவ்வியந்திரம் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அதனை வாங்குவதற்கென்றே கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியைப் பிரித்தார், பூட்டினார். எந்தக் கல்லூரியும் தராத கல்வியை அவ்வண்டியிலிருந்து பெற்றார்.

அந்த இளைஞர் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார். 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றக் காரணராக இருந்தவர்களுள் அவரும் ஒருவர். 1974-இல் அவர் மறைந்தார். இத்தனைக்கும் முதற்படி பிறர் ஓட்டிய வண்டி ஒன்றைப் பிரித்துப் பார்த்த துணிவே. நமக்கு அவருடைய அறிவுத்திறன் வாய்க்காமற் போகலாம். பிரித்துப் பார்க்கும் துணிவை மட்டுமேனும் நாம் பெறலாம் அன்றோ?

3. பிரிக்கும் முன்

எங்கள் தெருவுக்கு அப்பால், பழைய பண்டகசாலைகளின் பின்சந்தில் முதியவர் ஒருவரின் பட்டறை உள்ளது. ஊரார் அவரை ஆசான் என்பர். அச்சொல் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொது என்பதால் எனக்கு அழைப்பதற்கு எளிதாக இருந்தது. அவரிடம் சென்று வண்டியைச் செப்பனிட்டுத் தருமாறு கேட்கவில்லை. கற்றுத் தருமாறு கேட்டேன். அவர் சற்று நேரம் என் கைகளைப் பார்த்தார். பின்னர், “திருதி வேண்டா, மோனே” என்றார். அவசரம் கூடாது என்பது அதன் பொருள். இந்நான்கு மாதங்களில் அவர் எனக்கு அதிகமாகச் சொன்ன வாக்கியம் அதுவே.

அவர் சொற்படி செய்த முன்னேற்பாடுகள் நான்கு.

முதலாவது, வண்டியின் காகிதங்களைப் பார்த்தல். நம் நாட்டில் மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டியின் பதிவு 2019-இல் முடிந்திருந்தது. சட்டப்படி சாலைக்கு வர இயலாத வண்டியைச் செப்பனிட்டுப் பயனில்லை. ஆகவே புதுப்பிக்க வழியுண்டா என்று முதலிலேயே விசாரித்தேன்.

இரண்டாவது, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்தல். கழற்றிய பின் எல்லா வாஷரும் ஒன்றுபோலவே தோன்றும்.

மூன்றாவது, கழற்றியவற்றைப் பிரித்து வைத்தல். இதற்கு எங்கள் வீட்டுத் தொழில் கைகொடுத்தது. வெற்றுத் தீப்பெட்டிகள் அறுபத்து மூன்றை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் எண்ணும் இடமும் எழுதி, திருகுகளையும் வாஷர்களையும் இட்டேன்.

நான்காவது, திருகுகளின் மரையை அறிதல். பழைய புல்லட்டுகளில் மில்லிமீட்டர் அளவோடு ஆங்கிலேய அங்குல அளவும் கலந்திருக்கும். 1841-இல் விட்வொர்த் என்பவர் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டையும் வலிந்து சேர்த்தால் மரை அழியும். விரலால் திருகும்போது தடையின்றி மூன்று சுற்றுச் செல்லாத திருகை ஸ்பேனரால் முறுக்காதே என்பது ஆசான் வகுத்த விதி.

4. நான்கு வீச்சு

பிரிப்பதைச் சொல்லுமுன், பொறி இயங்கும் வகையைச் சுருக்கமாகக் காண்போம். 1876-இல் ஜெர்மனியின் ஆட்டோ என்பவர் செய்துகாட்டிய நான்கு வீச்சு முறையே இதிலும் உள்ளது.

உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் செல்கிறது. முதல் வீச்சில் அது கீழிறங்கும்போது உள்வால்வு திறந்து பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வருகிறது. இரண்டாம் வீச்சில் இரு வால்வுகளும் மூடியிருக்க, பிஸ்டன் மேலேறி அக்கலவையை அழுத்துகிறது. உச்சியை அடையும் தறுவாயில் தீப்பொறி விழுகிறது. எரிந்து விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுவது மூன்றாம் வீச்சு. வேலை செய்வது இது ஒன்றே. நான்காம் வீச்சில் வெளிவால்வு திறந்து புகை வெளியேறுகிறது. இந்நான்கிற்குள் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுழலும். வால்வுகளை ஆட்டும் கேம் ஒரே சுற்றுச் சுழலும். இந்த இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தை மறவாதீர்கள். பின்னர் நான் இடறி விழுந்த இடம் அதுதான்.

கிராங்க் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழல்கிறது என்று கொள்வோம். அப்போது தீப்பொறி நிமிடத்திற்கு 1,500 முறை, அதாவது வினாடிக்கு 25 முறை விழ வேண்டும். புல்லட்டின் உருளை விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் செல்லும் தூரம் 90 மி.மீ. கணக்கிட்டால் பருமன் 346 கன சென்டிமீட்டர் வரும். 350 என்று நாம் சொல்வது அதனை முழுமையாக்கியே. மேற்சொன்ன வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 9 மீட்டர். வினாடிக்கு நூறு முறை நின்று திரும்பும் ஒரு பொருள் அவ்வேகத்தில் செல்கிறது என்றால், அதற்கு எண்ணெய்ப் படலம் எத்துணை இன்றியமையாதது என்று எண்ணிப் பாருங்கள்.

ஏட்டிலுள்ள இன்னொன்றையும் பார்ப்போம். அழுத்த விகிதம் 6.5 என்று கணக்கிற்காகக் கொண்டால், ஆட்டோ சுழற்சியின் இலட்சியத் திறன் நூற்றுக்கு ஏறக்குறைய 53 வரும். மெய்யான பொறியில் கிடைப்பது அதில் பாதியை ஒட்டியது. எஞ்சிய வெப்பம் புகையோடும் உருளையின் மேலுள்ள தகடுகள் வழியாகவும் போய்விடுகிறது. அத்தகடுகளுக்கிடையே பெரியாற்றுச் சேறு காய்ந்து கல்லாகியிருந்ததை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்தபோதுதான், அவை அழகுக்கு வைத்தவை அல்ல என்பது எனக்கு உறைத்தது.

5. இறுகிய பிஸ்டன்

இறுகிய பொறியைக் கண்டதும் கை சுத்தியலை நாடும். அது கூடாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, அத்துளை வழியே டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றினோம். நாள்தோறும் மாலையில் வந்து, குறைந்ததை நிரப்பி, மேல் கியரில் இட்டுப் பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைப்பேன். பத்து நாட்கள் ஓர் அசைவும் இல்லை. பதினோராம் நாள் சக்கரம் ஒரு நெல் அளவு நகர்ந்தது. நான் கூவிவிட்டேன். ஆசான் தலை நிமிராமல் வேறொரு வண்டியின் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பின்னர் தலைப்பகுதியைக் கழற்றி, உருளையை மேலே தூக்கினோம். பட்டறையில் இவற்றை ஹெட் என்றும் போர் என்றும் சொல்வார்கள். ஏட்டில் நான் படித்தது உருளைத் தலை, உருளை. இச்சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல தமிழ்ச் சொல் பொருளை விளக்குகிறது. பட்டறைச் சொல் பொருளைக் கடையில் வாங்கித் தருகிறது. இரண்டும் வேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை இகழ்பவர் கற்றலைப் பாதியில் நிறுத்துகிறார்.

உருளையின் உட்சுவரை ஆசான் துணியால் துடைத்து வெயிலில் பிடித்தார். மேலிருந்து கீழாக நீண்ட கீறல்கள் ஐந்தாறு ஓடின. துருவின் வடு திட்டுத் திட்டாக இருக்கும்; இது அவ்வாறு இல்லை. சேறு உள்ளே இருக்கும்போது யாரோ உதைத்துச் சுழற்றியிருக்கிறார்கள் என்றார் அவர். மணல் அரைத்த கோடுகள் அவை. வெறும் நீரும் துருவும் மட்டுமாயின் உருளையைத் தேய்த்து மெருகிட்டே சரிசெய்திருக்கலாம். இப்போது உட்சுவரைக் குடைந்து பெரிதாக்காமல் வழியில்லை என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றைய கரகர ஒலி ஆறரை ஆண்டுகளுக்குப் பின் என் காதில் மறுபடியும் கேட்டது. வெள்ளத்தில் மூழ்கிய எந்த இயந்திரத்தையும் உள்ளே திறந்து கழுவாமல் சுழற்றக் கூடாது என்பது அடிப்படை விதி. அவ்விதியை நான் கற்றது இவ்வாறு.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, “தெரியும். கிக்கர் மடங்காம நின்னுச்சே. அன்னைக்கே தெரியும்” என்றார். ஏன் கேட்கவில்லை என்றேன். “ரெண்டு நாளா நீ சோறு திங்கல. அதுக்கு மேல என்னத்தக் கேக்க?” என்றார். பிறகு ரசம் கேட்டார்.

6. மயிரிழை இடைவெளி

உருளையை லேத் பட்டறையில் கொடுத்து அரை மி.மீ. குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் வாங்கினோம். விட்டம் 70.5 மி.மீ. ஆனதும் பருமன் 351 கன சென்டிமீட்டராகியது. என் குற்றத்தினால் வண்டி ஐந்து சி.சி. வளர்ந்தது என்று தங்கை கேலி செய்தாள்.

இங்கே இயற்பியல் மாணவருக்குரிய நல்ல கணக்கு ஒன்று உண்டு. பிஸ்டன் அலுமினியக் கலவை, உருளை வார்ப்பிரும்பு. அலுமினியம் ஒரு பாகை வெப்பத்திற்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 23 பங்கு விரியும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய 11 பங்கு விரியும். இரண்டும் 100 பாகை சூடேறினால், 70 மி.மீ. பிஸ்டன் 0.161 மி.மீ. பெருக்கும், உருளை 0.077 மி.மீ. மட்டுமே பெருக்கும். வேறுபாடு 0.084 மி.மீ. குளிர்ந்த நிலையில் அந்த இடைவெளியேனும் இல்லாவிட்டால், வண்டி ஓடும்போது பிஸ்டன் உருளையைப் பற்றிக்கொள்ளும். இடைவெளி மிகுந்தாலோ தடதடக்கும், எண்ணெய் எரியும். தலைமயிர் ஒன்றின் பருமன் இது. லேத் பட்டறைக்காரர் எந்தக் கணக்கும் போடாமல், ஃபீலர் தகட்டைச் செருகி இழுத்துப் பார்த்தே இதனைச் சரியாக வைத்தார். நான் காகிதத்தில் போட்ட கணக்கும் அவர் விரல் சொன்ன விடையும் ஒன்றாக இருந்தன. அந்த ஒற்றுமையை நேரில் கண்டது என் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளுள் ஒன்று.

கிராங்க் பகுதியை நான் தொடவில்லை. அதனைப் பிரிக்கவும் நேராகப் பொருத்தவும் அழுத்து எந்திரமும் தேர்ந்த கையும் வேண்டும். எதை நாமே செய்யலாம், எதைப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவதும் கல்வியே.

புல்லட்டில் எண்ணெய்க்கென்று தனித் தொட்டி, பொறிக் கூட்டிலேயே அமைந்துள்ளது. ஒரு பம்பு அங்கிருந்து எண்ணெயைக் கொண்டுசெல்லும். மற்றொன்று திரும்பக் கொண்டுவரும். தொட்டியில் அடைந்திருந்த சேறு இரண்டு கைப்பிடி தேறிற்று. ஒவ்வொரு எண்ணெய் வழியையும் மண்ணெண்ணெயால் கழுவி, காற்று ஊதி, மறுமுனையில் விரல் வைத்துப் பார்த்த பின்னரே அடுத்ததற்குச் சென்றோம்.

7. என் பெருந்தவறு

மே 20-ஆம் நாள் பொறி பூட்டி முடிந்தது. தீப்பொறி விழும் நேரத்தை நானே அமைத்தேன். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அதற்குச் சற்று முன்னர் பிளாட்டின முனைகள் விலகுமாறு வைத்தேன். ஃபீலர் தகட்டால் அளந்தேன், ஐயமே இல்லை. உதைத்தேன். ஓடவில்லை. மீண்டும் உதைத்தேன். கார்புரேட்டர் வழியே ‘பட்’டென்று தும்மியது. இரண்டு நாட்கள் மின்கலத்தை மாற்றினேன்; பிளக்கை மாற்றினேன்; கார்புரேட்டரை மூன்று முறை கழுவினேன். நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. வாங்க வந்தவர் தொலைபேசியில் ஒருமுறை நினைவூட்டினார்.

மூன்றாம் நாள் ஆசான் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எந்த உச்சி?”

நண்பர்களே, விடை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்கு வீச்சில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒன்று அழுத்த வீச்சின் முடிவு. மற்றொன்று புகை வெளியேறும் வீச்சின் முடிவு. நான் பிடித்தது இரண்டாவது உச்சி. வேண்டிய இடத்திற்கு முழுதாக ஒரு சுற்றுத் தள்ளித் தீப்பொறி விழுந்துகொண்டிருந்தது. தேர்வுத்தாளில் அம்புக்குறியிட்டு நான் வரைந்த உண்மைதான் இது. தாளில் அறிந்ததைக் கையால் அறியவில்லை.

சரியான உச்சியைக் கண்டுபிடிக்க எளிய வழிகள் இரண்டு. பிளக் துளையை விரலால் மூடிக்கொண்டு பொறியைச் சுழற்றினால், அழுத்த வீச்சில் காற்று விரலைத் தள்ளும். அல்லது வால்வுகளை ஆட்டும் நீள்கோல்களை விரலால் உருட்டிப் பார்க்கலாம். இரு வால்வுகளும் மூடியிருக்கும் அவ்வுச்சியில் மட்டும் இரண்டும் தடையின்றி உருளும். பத்து நிமிடத்தில் திருத்தி அமைத்தேன்.

ஆயினும் வண்டி ஓடவில்லை. இம்முறை குற்றம் வண்டியில் இல்லை. என் காலில் இருந்தது. வலிமை கொண்டு உதைத்து முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

அன்று மாலை கடைகளுக்குப் போய்த் திரும்பும் வழியில் அப்பா பட்டறைக்கு வந்தார். ஆறரை ஆண்டுகளில் முதன்முறையாக அவ்வண்டியின் மேல் அமர்ந்தார். சாவியைத் திருகி, கிக்கரை மெல்ல மெல்ல அழுத்தி, அம்மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கும் வரை பார்த்தார். பின்னர் அழுத்தம் நீக்கும் நெம்புகோலைப் பிடித்து, கிக்கரை ஓரிழை கீழே நகர்த்தி, நெம்புகோலை விட்டார். கிக்கரை மேலே வரவிட்டு ஒரே சீராக மிதித்தார். இரண்டாம் மிதியில் புல்லட் உறுமியது.

அவர் செய்ததன் இயற்பியலை அன்றிரவு எழுதிப் பார்த்தேன். பிளாட்டின முனைகள் சேர்ந்திருக்கும்போது சுருளில் மின்னோட்டம் செல்வதால் முள் சாயும். முனைகள் விலகினால் நடுவுக்கு வரும். ஆகவே முள் நடுவில் நிற்பது, பிஸ்டன் அழுத்த உச்சியின் அருகில் உள்ளது என்பதற்கு அடையாளம். நெம்புகோலால் அழுத்தத்தைப் போக்கி, அவ்வுச்சியை மட்டும் கடத்திவிட்டால், அடுத்த அழுத்தம் வருவதற்குள் கிராங்கிற்கு ஏறத்தாழ இரண்டு சுற்றுக் கிடைக்கும். அதற்குள் சுழல்சக்கரம் போதிய ஆற்றலைச் சேர்த்துக்கொள்ளும். நான் அழுத்தத்தை எதிர்த்தே உதைத்துக்கொண்டிருந்தேன். அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

அப்போதும் ஆசான் விடவில்லை. எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து, எண்ணெய் திரும்பி வருவதைக் கண்ணால் கண்ட பின்னரே முகம் மலர்ந்தார்.

8. வரவும் செலவும்

என் குறிப்பேட்டின்படி மொத்தச் செலவு 23,400 ரூபாய். கால் பங்கு டயருக்கும் டியூபுக்கும் போயிற்று. அபராதத்துடன் பதிவைப் புதுப்பிக்க மேலும் செலவாயிற்று. சோதனையில் வண்டி தேறியது. “ரெண்டு வண்டி நமக்கு எதுக்கு?” என்று அப்பா ஸ்கூட்டரை 31,000 ரூபாய்க்கு விற்றார். தங்கையின் கட்டணம் ஜூலையில் கட்டப்பட்டது. பெட்ரோல் செலவு முன்னிலும் கூடியுள்ளது. அதனை மறைப்பது நேர்மையாகாது. புது பிஸ்டன் பழகும் வரை முதற்சில நூறு கிலோமீட்டர் மெதுவாகவே ஓட்ட வேண்டியிருந்தது. தோப்பும்படிப் பாலத்தில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திச் சென்றனர்.

இம்முயற்சியில் இறங்க விரும்பும் நண்பர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். பெட்ரோல் தொட்டி காலியாக இருக்கிறதென்று அதன் அருகே நெருப்பைக் கொண்டுசெல்லாதீர்கள். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே பற்றிக்கொள்ளும். எனவே நிரம்பிய தொட்டியினும் காலித் தொட்டி கொடிது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அத்தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஓடும் பொறியின் புகை கரியமில வாயுவினும் கொடிய கார்பன் மோனாக்சைடைக் கொண்டது. மூடிய அறையில் ஓட்டாதீர்கள்.

முதலிலேயே மோட்டார் சைக்கிளைத் தொட வேண்டும் என்பதும் இல்லை. விடுதி அறையின் மின்விசிறி, நின்றுபோன கடிகாரம், மிதிவண்டியின் பின்சக்கர அச்சு என்று கைக்கு எட்டுவது எதுவானாலும் சரி. தவறு செய்தால் அதிகம் இழக்க நேராத ஒன்றைத் தேர்ந்து, நேரம் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள். ஃபீலர் தகடும் ஸ்பேனர்களும் என்னிடம் உள்ளன, கேட்பவர்களுக்குத் தருவேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அறுபத்து மூன்று தீப்பெட்டிகளுள் அறுபத்திரண்டு காலியாயின. நாற்பத்தோராம் எண் பெட்டியில் ஒரு பித்தளை வாஷர் இன்னும் இருக்கிறது. அதன் மேல் நான் எழுதிய இடக்குறிப்பு எண்ணெய் பட்டு அழிந்துவிட்டது. படங்களையெல்லாம் மறுபடியும் பார்த்துவிட்டேன், புலப்படவில்லை. ஆசானிடம் காட்டினேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஓடுகிறதல்லவா? அடுத்த முறை பிரிக்கும்போது தெரியும்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அப்பெட்டி இப்போது என் படிப்பு மேசையின் மேல் உள்ளது.